ராயல்டிச் சட்டத்துக்கு நான் வைத்த பின்வாசல்

நான் ஒரு சட்டத்துக்குப் பின்வாசல் வைத்தேன். அதைக் கண்டுபிடித்துக் கேள்வி எழுதிய நல்ல மனிதர் ஒருவரின் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தேன். பிறகு, இந்தச் சட்டத்தை நம்பலாமா என்று நேராகக் கேட்ட ஒரு பெண்ணிடம், நம்பலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் நம்பினார். அவருடைய ஈயச் சுரங்கம் போயிற்று.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளில் தப்பு எப்போதும் பக்கத்து மேசைக்காரர் செய்ததாக இருக்கும். எழுதுகிறவர் அதைத் திருத்தியவராக இருப்பார். நானும் அப்படி மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

சட்ட வரைவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவீர்கள். அது எனக்கு வசதி. மானம் போனாலும் ஐந்து பேரிடம்தான் போகும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஓரிரு வருடம் ஆன சமயம். மலாக்கா டவுனில் ஓர் அலுவலகத்தில் நான் சட்ட வரைவு உதவியாளன். காஜா பேராங்கில் வாடகை அறை; மலாயில் அந்தப் பெயருக்குக் ‘கோபக்கார யானை’ என்று பொருள். சட்டப் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போலப் படிப்பவன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை உண்டு.

எனக்கு மேலே இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்கார அதிகாரி. ஊருக்குத் திரும்பும் கப்பலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் அறையில் கோப்புகளைவிடப் பயணப் பெட்டிகள் அதிகம். இன்னொருவர் தலைமைக் குமாஸ்தா, மலாக்காச் செட்டி; பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் கோயில் குங்குமம், வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சாமி பெயர்கள், உறவுப் பெயர்கள், கொஞ்சம் பலகாரங்கள். ‘ஐயா’ என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும். எனக்கு விடுமுறை வேண்டிய நாட்களில் இரண்டு ‘ஐயா’ கூடுதலாகப் போடுவேன். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் தருகிறேன். சொன்னது அவர் வீட்டு மலாயில்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மசோதாவும் மேலே போவதற்கு முன், ஒவ்வொரு பிரிவையும் அந்த வீட்டு மலாயில் ஒரே வாக்கியமாக உரக்கச் சொல்லிப் பார்ப்பார். சொல்ல வராவிட்டால் மசோதா திரும்பி என் மேசைக்கு வரும்.

“என் மனைவிக்குப் புரியாத பிரிவு எதையோ ஒளிக்கிறது” என்பார். “அவள் மக்கு என்று நினைக்காதே. அவள் பசாருக்குள் நுழைந்தால் மீன்காரன் தராசைத் துடைத்து வைக்கிறான்.”

ஒருமுறை நாய் உரிமம் பற்றி நான் இரண்டு நாள் உழைத்து எழுதிய பிரிவை அவர் இப்படிச் சொன்னார்: “பக்கத்து வீட்டு நாய் உன் வாசலில் தூங்கினால் நீ காசு கட்டு.” அலுவலகமே சிரித்தது. நான் அப்படி எழுதவில்லை என்று வாதாடினேன். எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதிலிருந்து அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இனி ராயல்டிக்கு வருகிறேன். மண்ணுக்கடியில் இருப்பது அரசுக்குச் சொந்தம். அதைத் தோண்டி எடுக்கிறவர் எடுத்ததில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டுவார். அந்தப் பங்குதான் ராயல்டி. அதன் விகிதத்தை அரசு நினைத்த நேரத்தில் மாற்றலாம் என்ற நிலை இருந்தது. வெள்ளைக்காரன் போனபின் புது அரசு என்ன செய்யுமோ என்று சுரங்கக்காரர்களுக்குப் பயம். கூட்டமாக மனு கொடுக்க வந்தார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் வக்கீலோடு வந்தார்கள். சின்னச் சுரங்கக்காரர்கள் குடையோடு வந்தார்கள். அந்தக் குடைகளில் ஒன்று அஞ்சலை அக்காவுடையது.

அஞ்சலை அக்கா காஜா பேராங்கில் என் அறைக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவர். கணவர் இறந்தபின் அவர் பெயரில் இருந்த குத்தகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு தானே சுரங்கம் நடத்தினார். சுரங்கம் என்றால் டவுனுக்கு வெளியே உள்ளே தள்ளி ஒரு சேற்றுக் குட்டை. அவரும் பத்துப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பெரிய மரத்தட்டில் மணலை அலசி ஈயத்தைப் பிரிப்பார்கள். மேல்மண்ணில் இருந்த ஈயம் தீர்ந்துகொண்டு வந்தது. ஆழத்துக்குப் போக பம்பு வேண்டும். பம்பைத் தவணையில் எடுத்தால், அது தன் விலையைச் சம்பாதிக்கவே நாலைந்து வருடம் ஆகும். நடுவில் ராயல்டி ஏறினால் பம்பும் போகும், குத்தகையும் போகும், பத்துப் பெண்களின் பிழைப்பும் போகும். அவருடைய கணக்கு அவ்வளவுதான். வக்கீல் வைத்துச் சொல்லவேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மழகூட மேகத்தக் காட்டிட்டுத்தான் வருது, தம்பி. ஒங்க கவுர்மெண்டுக்கு அந்த மரியாதகூட இல்லியே.”

“ஒங்க கவுர்மெண்டு இல்லக்கா, நம்ம கவுர்மெண்டு. சுதந்திரம் வாங்கியாச்சில்ல?”

“வாங்குனப்ப எல்லாரும்தான் கை தட்டுனோம். ரேட்டு ஏத்துறப்ப மட்டும் நீங்க ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிறீங்க லா.”

மனு வேலை செய்தது. அரசு தன் கையைத் தானே கட்டிக்கொள்ள ஒரு சட்டம் கொண்டுவர முடிவாயிற்று. மூன்று வாக்குறுதிகள்: ஒரே தடவையில் ஓர் அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது, ஒருமுறை ஏற்றினால் ஐந்து வருடம் தொடக் கூடாது, ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். வரைவு என் மேசைக்கு வந்தது.

வெள்ளைக்கார அதிகாரி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். “இப்படிக் கையைக் கட்டிக்கொள்கிற அரசு ஒருநாள் வருத்தப்படும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எதையும் செய்யச் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

நான்தான் சொன்னேன்: “கட்டலாம் சார். முடிச்சு மட்டும் நம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.”

செய்தது இதுதான். சட்டத்தின் உடம்பில் எழுதியதை மாற்ற வேண்டுமானால் சட்டமன்றம் கூடி, விவாதித்து, கை தூக்க வேண்டும். நான் அந்த மூன்று வாக்குறுதிகளின் அளவுகளையும் உடம்பில் எழுதவில்லை. ‘அட்டவணையில் கண்டவாறு’ என்று மட்டும் எழுதிவிட்டு, எண்களையெல்லாம் கடைசிப் பக்கத்து அட்டவணைக்குக் கொண்டுபோனேன். பிறகு, படிக்கிற எல்லாரும் களைத்துப்போய்க் கொட்டாவி விடுகிற ஓர் இடத்தில், அட்டவணையை அரசு ஓர் அறிவிப்பின் மூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சின்னப் பிரிவு. ஐந்து வருடத்தை ஐந்து நாள் ஆக்கவும் அது போதும்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். “நீ பெரிய இடத்துக்குப் போவாய்” என்றார். ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை. சின்ன வேலை, சுத்தமான வேலை, யாருக்கும் தெரியாது. நம் தொழிலில் இப்படி ஒரு சந்தோஷம் உண்டு. உங்களுக்கும் வரும். வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அதை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

தலைமைக் குமாஸ்தா வழக்கம்போல் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தச் சின்னப் பிரிவுக்கு வந்ததும் சொன்னார்: “அரசு இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. ஏற்றலாம் என்று அரசே எழுதிக்கொண்டால் ஏற்றலாம்.” தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘இந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று சுரங்கக்காரர்களுக்குத் தெரியுமா?’

மறுநாள் போகி. செட்டிகள் அன்று முன்னோர்களுக்குப் பெரிய படையல் போடுவார்கள். அவர் விடுப்பில் போக வேண்டும். “இதை அதிகாரியிடம் கேட்டுவிட்டு மேலே அனுப்பு” என்று கோப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கேள்வி அதிகாரியின் கண்ணில் பட்டால் என் சாமர்த்தியம் பகல் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதிகாரியும், தான் அப்படி நினைக்கவே இல்லை என்பார். பெரிய இடம் தள்ளிப்போகும். நாய் உரிமத்துக்குச் சிரித்த மாதிரி இதற்கும் சிரிப்பார்கள். ரப்பரை எடுத்தேன். அழித்தேன். தூசியை ஊதிவிட்டேன். கோப்பு மேலே போயிற்று.

திரும்பி வந்தவர் கேட்டார்: “கேட்டாயா?”

“கேட்டேன் ஐயா. பார்த்துக்கொள்ளலாம் என்றார்.”

படையல் பலகாரத்தை இலையில் சுற்றி எனக்கென்று கொண்டுவந்திருந்தார். நன்றாக இருந்தது என்று சொல்லி இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சட்டம் கைதட்டலோடு நிறைவேறியது. பெரிய கம்பெனி வக்கீல்கள் அந்தப் பிரிவைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அரசோடு தனியாகப் பேசிக்கொள்ள வழி இருந்தது. வழி இல்லாதவர் ஒரு சனிக்கிழமை ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக்கடை வாசலில் என்னைக் கண்டார்.

“தம்பி, எனக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியாது. நீங்க எழுதுனதுன்னு சொன்னாங்க. பம்பு எடுக்கலாமா? கையெழுத்துப் போடப் போறேன்.”

அந்த நேரத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அரசு ஊழியன் ஆலோசனை சொல்லக் கூடாது என்று ஒதுங்கியிருக்கலாம். அதுவும் ஒழுங்கான பதில்தான். அல்லது பெருமையடிக்கலாம். கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். ‘நீங்க எழுதுனது’ என்ற வார்த்தை இனித்தது.

“காஜா பேராங் யானை வந்து முட்டினாலும் சாயாது, அக்கா” என்றேன்.

“நம்ம ஊரு யான கோவக்கார யான” என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பம்பு வந்தது. பம்புக்கு மாலை போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒன்றரை வருடம் கூடப் போகவில்லை. வெள்ளைக்கார அதிகாரி கப்பலேறிவிட்டார். அவர் இடத்தில் நம்மவர் ஒருவர். அரசுக்குப் பணத்தட்டுப்பாடு. ராயல்டியை ஏற்ற முடியாதே, சட்டம் தடுக்கிறதே என்று எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், நிதிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடையில் தட்டினார். “இதை எழுதியவன் மேதை” என்றார். புது அதிகாரி என்னைக் காட்டினார். நான் பணிவாகத் தலை குனிந்தேன். ஒரு கோப்பை காப்பி குடிக்கும் நேரத்துக்கு மகிழ்ச்சியாகவே இருந்தேன். அதை மறைத்துப் பயனில்லை.

அறிவிப்பைத் தட்டச்சு செய்ததும் நான்தான். விகிதம் இரட்டிப்பு. ஆறு மாத முன்னறிவிப்பு ஏழு நாளாயிற்று. எல்லாம் சட்டப்படி.

பெரிய கம்பெனிகள் பேசி விலக்கு வாங்கிக்கொண்டன. அஞ்சலை அக்கா இரண்டு தவணை தவறினார். பம்பை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாதி தோண்டிய குழியில் தண்ணீர் நிறைந்தது. குத்தகையும் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்; சத்தம் போட்டிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். நாற்காலியில்கூட உட்காரவில்லை. அன்றுதான் முதல் தடவையாக என்னை ‘நீ’ என்றார்.

“யான வரல தம்பி. மனுசன்தான் வந்தான். கதவு தொறந்திருந்துச்சாம். நீ எழுதுறப்பவே அது அங்க இருந்துச்சா, பெறவு யாரும் வச்சாங்களா? அத மட்டும் சொல்லு.”

“எழுதுறப்பவே இருந்துச்சுக்கா.”

“கடயில கேட்டேனே, அப்ப ஒனக்குத் தெரியும்?”

“தெரியும்.”

தலையை ஆட்டிக்கொண்டார், பசாரில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்போல. போய்விட்டார்.

அன்று சாயங்காலமே தலைமைக் குமாஸ்தாவின் வீட்டுக்குப் போய் ரப்பர் விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி என்னவென்று கேட்டார். “ஒன்றுமில்லை. இவன் உண்மை பேச வந்திருக்கிறான், பழக்கம் இல்லாததால் நேரமாகிறது” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “என்னிடம் சொல்வது சுலபம். கோப்பில் எழுது. பெயர் போட்டு எழுது” என்றார்.

எழுதினேன். தலைமைக் குமாஸ்தா கேள்வி எழுப்பியிருந்தார், நான் அதை அழித்தேன், அந்தப் பிரிவு என் யோசனை, பாதிக்கப்பட்டவர்கள் இன்னார் என்று ஒரு பக்கக் குறிப்பு. கூடவே ஒரு திருத்த மசோதா வரைவு: மூன்று அளவுகளும் சட்டத்தின் உடம்புக்குள் வர வேண்டும், சட்டமன்றம் மட்டுமே மாற்றலாம், குத்தகை எடுத்த நாளில் இருந்த விகிதமே அந்தக் குத்தகை முடியும்வரை நீடிக்க வேண்டும்.

புது அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “மேதை என்று சொன்னபோது தலை குனிந்தாயே, அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே?” என்றார். நியாயமான கேள்வி. அடுத்த மாதம் நான் நிலப் பதிவேடுகள் அடுக்கிய ஓர் அறைக்கு மாற்றப்பட்டேன். பெரிய இடத்துக்குப் பதில் பெரிய அலமாரி. அங்கே ஆறு வருடம் இருந்தேன். புகாருக்காகச் சொல்லவில்லை; அந்த அறையில் பல்லிகள் நல்ல துணை.

திருத்தம் சாகவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கடைசியில் நிறைவேறியது, ஒரே ஒரு மாற்றத்தோடு: இனிமேல் எடுக்கும் குத்தகைகளுக்கு மட்டும். போனது போனதுதான். புதிதாகக் குத்தகை எடுக்க யாரிடம் பணம் இருந்தது? பெரிய கம்பெனிகளிடம். என் பாவத்தின் பரிகாரம் முழுதாக அவர்கள் மடியில் போய் விழுந்தது. தீபாவளிக்கு அவர்களில் ஒருவர் என் அறைக்கே பிஸ்கட் கூடை அனுப்பினார். வண்ணக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி. திருப்பி அனுப்பினேன்.

இதை அஞ்சலை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவர் வேறொருவர் குட்டையில் கூலிக்குத் தட்டு அலசிக்கொண்டிருந்தார். என் சேமிப்பைக் கொடுக்கிறேன், சின்ன பம்பு ஒன்று பாருங்கள் என்றும் சொன்னேன்.

“பிஸ்கட்ட ஏன் திருப்பி அனுப்புன? பத்துப் பொம்பளைங்க இருக்கோம்ல” என்றார். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்: “சட்டம் எப்ப வெளிய தெரியும்? கை தூக்குனப்பறமா?”

“இல்லக்கா. மசோதாவ மொதல்ல மன்றத்துல வைப்பாங்க. அச்சடிச்சு வெளியிடுவாங்க. விவாதம் பெறவுதான். நடுவுல கொஞ்ச நாள் இருக்கும்.”

“அந்த நாள்ல யாரு படிக்கிறா?”

யாரும் படிப்பதில்லை என்றேன்.

“அப்ப நீ படி. எங்களுக்கு.”

அப்படித்தான் காஜா பேராங் சாலையில் ஒரு காப்பிக்கடையின் மூலை மேசை சனிக்கிழமைகளில் எங்களுக்கு என்று ஆயிற்று. தட்டு அலசும் பெண்கள், புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வரும் இரண்டு லோரிக்காரர்கள், சில நாட்களில் தலைமைக் குமாஸ்தாவும் அவர் மனைவியும். அச்சிட்டு வெளியான மசோதாவைத்தான் படித்தேன். ரகசியம் எதையும் வெளியே கொண்டுவரவில்லை. இரண்டு தடவை இங்கிருந்து உறுப்பினருக்கு மனு போய், இரண்டு பிரிவுகள் மாறின. மூன்றாவது தடவை எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அஞ்சலை அக்கா என்னை மன்னித்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். பசாரில் கடை போடுவதற்கான உரிமம் பற்றிய மசோதா. தொண்டையைச் செருமிக்கொண்டு தலைப்பைப் படித்தேன். முதல் பிரிவின் பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கடைசிப் பக்கத்துலேருந்து படி.”

“அப்படிப் படிச்சா புரியாதுக்கா. மொதல்லேருந்து வந்தாத்தான் எனக்கே வெளங்கும்.”

“ஒனக்கு வெளங்க வேணாம். நீ எழுதுற ஆளு. எங்களுக்குக் கடைசிலேருந்து படி.”

எல்லாரும் காப்பியைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் தாள்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தேன்.